கோழி முற்றத்தில் நீர் தேங்காதிருக்க

ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழைக்குப் பழகியவர்கள் நாம். மும்பைக்கும் அதனையடுத்த கல்யாண், அம்பர்நாத் முதலிய ஊர்களுக்கும் குடியேறியோர் வேறொரு மழையைச் சந்திக்கின்றனர். சென்னையில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். மும்பையிலோ சூன் முதல் செப்டம்பர் வரையுள்ள நான்கு மாதங்களிலேயே 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்துவிடுகிறது. ஊரில் கோழி வளர்த்த பழக்கத்தால் இங்கும் கொல்லையில் நான்கைந்து கோழிகளை வளர்ப்போர், இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ள வேண்டும்.

முற்றம் சேறாவதால் கால் அழுக்காவது மட்டுமன்று. எச்சம் கலந்த ஈரமண்ணில் இரத்தக் கழிச்சல் நோயின் நுண்ணுயிர்கள் ஓரிரு நாட்களில் நோய் பரப்பும் நிலையை அடைகின்றன. மூன்று முதல் ஆறு வார வயதுள்ள குஞ்சுகளே இந்நோய்க்குப் பெரிதும் இரையாகின்றன.

சேற்றின்மேல் வைக்கோலைப் பரப்புவது பலருடைய வழக்கம். அது இரண்டொரு நாளில் அழுகி, ஈரத்தை மேலும் பிடித்துவைக்கும். நீர் வந்தபின் உறிஞ்ச முயல்வதைவிட, வருமுன் திருப்பிவிடுவதே முறை.

ஆகவே, மழை பெய்யும்போது சற்று நின்று, நீர் எங்கிருந்து வருகிறதென்று பாருங்கள். பெரும்பாலும் கூரையே முதற்காரணமாக இருக்கும். நான்கு சதுர மீட்டர் கூரையின்மேல் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால், 400 லிட்டர் நீர் கீழே விழும். இறவாணத்தில் தகரத்தாலோ பிளந்த மூங்கிலாலோ தூம்பு அமைத்து, அந்நீரை வேலிக்கு அப்பால் கொண்டுசெல்லலாம்.

அடுத்து, மேட்டுப் பக்கத்திலிருந்து ஓடிவரும் நீரைத் தடுக்க, வேலிக்கு வெளியே ஒன்பது அங்குல அகலமும் ஆறு அங்குல ஆழமும் உள்ள வாய்க்கால் வெட்டுக. பத்தடி நீளத்திற்கு இரண்டு அல்லது மூன்று அங்குலச் சரிவு போதும். அதன் முடிவில் ஓட்டாஞ்சில்லும் செங்கல் துண்டும் நிரப்பிய குழியமைத்து, அருகில் வாழையோ சேம்போ நட்டால் நீர் வீணாகாது. கிணற்றுப் பக்கமோ அண்டை வீட்டுப் பக்கமோ அதனைத் திருப்புதல் ஆகாது.

பின்னர், முற்றத்தின் மேற்சேற்றை இரண்டங்குலம் வழித்தெடுத்து எருக்குழியில் இடுக. செங்கல் துண்டுகளைப் பரப்பி இறுகக் கெட்டித்து, அதன்மேல் நான்கங்குலம் மணல் கொட்டி, சுற்றுத்தரையைவிட முற்றம் உயர்ந்திருக்கச் செய்க. தண்ணீர்க் கலத்தைச் செங்கல்மேல் வைத்தால் சிந்தும் நீரும் குறையும்.

மழை தொடங்கிய பின் செய்வோர், வாய்க்காலை முதலில் வெட்டுக. மற்றவை மழை ஓயும்வரை பொறுக்கலாம். குஞ்சுகளை மட்டும் அதுவரை உலர்ந்த உமி பரப்பிய கூண்டில் வைத்துக் காக்க வேண்டும். எச்சத்தில் இரத்தம் காணப்பட்டால், தாமதியாமல் கால்நடை மருத்துவரை நாடுக.

வைகாசி முடிவதற்குள் இப்பணிகளை முடித்தோர், நான்கு மாத மழையிலும் கவலையின்றிக் கோழிகளைப் பேணலாம்.