பின்னால் வரும் மாட்டுக்கு ஊர் தெரியுமா?

“பைத்தான் நிரலை டெர்மினலில் ஓடும் எடிட்டரில் ஒட்டினால், வரிகள் போகப்போக வலப்பக்கம் ஒதுங்கிக்கொண்டே போகின்றனவே, ஏன்?” என்று ஒரு வாசகர் கேட்கிறார். நிரலைப் ‘புரிந்துகொள்ளும்’ எடிட்டர்கள் என்று விளம்பரங்கள் முழங்கும் காலத்தில் இது நல்ல கேள்வி. என்டரைத் தட்டியதும் எடிட்டர் தானாக விடும் இடைவெளியில் புரிதல் எதுவும் இல்லை. அடிப்படையில், மேல்வரியில் எத்தனை இடைவெளி இருந்ததோ அதைக் கீழ்வரியிலும் போட்டுவிடுகிறது, அவ்வளவுதான். இரவில் சந்தைக்குப் போகும் வண்டிகளை நினைத்துக்கொள்ளலாம். வண்டிக்காரன் உறங்கிவிடுவான், முன் வண்டியின் அடியில் ஆடும் லாந்தரைப் பார்த்துப் பின் வண்டி மாடு நடக்கும். முன் வண்டி புளியந்தோப்புக்குள் திரும்பினால் இதுவும் திரும்பும். நம் மூட்டை இறங்க வேண்டிய ஊர் எது என்பது மாட்டுக்குத் தெரியாது. தெரிந்தவனோ குறட்டை விடுகிறான்.

வாசகரின் சிக்கலும் இதிலிருந்து வருவதுதான். ஒட்டப்படும் எழுத்துகளை டெர்மினல் ஒவ்வொன்றாக, விசையில் தட்டியதுபோலவே அனுப்புகிறது. முதல் வரிக்கு 4 இடைவெளி என்றால், வரி முடிந்ததும் எடிட்டர் 4 இடைவெளி விடுகிறது. அடுத்த வரி தன் சொந்த 4 இடைவெளியோடு வந்து சேர, 8 ஆகிறது. அதற்கடுத்தது 12. ஒட்டும் பகுதிக்கு முன் 200, பின் 201 என்ற எண் கொண்ட குறியீடுகளை டெர்மினல் சேர்த்தனுப்பினால், இது கையால் தட்டியதல்ல என்று எடிட்டர் தெரிந்துகொண்டு சும்மா இருக்கும். இரண்டில் ஒன்று இதை அறியாத பழசாக இருந்தால் தொல்லை தொடரும்.

வரலாறு கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உள்தள்ளலே நிரலின் அமைப்பைக் காட்டலாம் என்று பீட்டர் லேண்டின் 1966-லேயே எழுதினார். கீடோ வான் ரோசம் 1991-இல் வெளியிட்ட பைத்தான் அதை ஊரறியச் செய்தது. போதும்.

சுவையான இடம், உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் உள்ள வேறுபாடு. பைத்தானில் வரி முக்காற்புள்ளியில் முடிந்தால், அடுத்த வரி உள்ளே தள்ளப்பட வேண்டும் என்பது எடிட்டருக்கு உறுதி. வெளியே வருவதற்கோ அடையாளமே கிடையாது. சி மொழியில் மூடும் அடைப்புக்குறியைத் தட்டியதும் வரி தானே பின்னுக்கு வரும். பைத்தானில், பத்து எண்களைக் கூட்டும் ஒரு சுழலுக்குக் கீழே ‘பிரிண்ட்’ என்று எழுதுகிறோம். அது உள்தள்ளி நின்றால் பத்து முறை அச்சாகும், வெளியே நின்றால் ஒரு முறை. இரண்டுமே பிழையற்ற நிரல்கள். ‘ரிட்டர்ன்’, ‘பிரேக்’ போன்ற சொற்களுக்குப் பின் அதே தொகுதியில் எழுதும் எதுவும் ஓடாது என்பதால், அங்கே மட்டும் ஐடில், விம் போன்ற எடிட்டர்கள் துணிந்து ஒரு படி வெளியே வருகின்றன.

இன்றைய எடிட்டர்கள் நிரல் முழுவதையும் அலசி இலக்கண மரமே கட்டுகின்றனவே என்று கேட்கலாம். கட்டுகின்றன, ஆனால் பைத்தானின் மரம் கட்டப்படுவதே உள்தள்ளலைப் படித்துத்தான். இன்னும் விடாத இடைவெளியை அந்த மரத்திடமே கேட்டால் சுற்றிச் சுற்றி வரவேண்டியதுதான். செயற்கை நுண்ணறிவு ஊகித்துவிடுமே என்றால், ஊகிக்கும், பெரும்பாலும் சரியாகவே. ஆனால் இரண்டு இடமும் செல்லுபடியாகும்போது எது வேண்டும் என்பது எழுதுபவரின் எண்ணம். ஊகம் தவறினால் கணினி எச்சரிக்கவும் செய்யாது.

அப்படியானால் அடைப்புக்குறி மொழிகளே மேலா? ஒரு வகையில் ஆம். 2014-இல் ஆப்பிளின் பாதுகாப்பு நிரலில் இரட்டித்துப்போன ‘கோட்டூ ஃபெயில்’ வரி, நிபந்தனைக்குள் அடங்கியதுபோல உள்தள்ளி நின்று கண்ணை ஏமாற்றியது. உண்மையில் அது நிபந்தனைக்கு வெளியே இருந்ததால், டிஜிட்டல் கையெழுத்துச் சோதனை நடக்காமலே போனது. சி மொழியில் அடைப்புக்குறியும் அரைப்புள்ளியும் தனிச் சாட்சி என்பதால், எடிட்டரை மறுபடி உள்தள்ளச் சொல்லியிருந்தால் அந்த வரி இடப்பக்கம் நகர்ந்து காட்டிக்கொடுத்திருக்கும். பைத்தானில் கண்ணுக்குத் தெரிவதும் கணினி படிப்பதும் ஒன்றே. அந்த ஏமாற்று நடக்காது, தனிச் சாட்சியும் கிடையாது.

இந்த விஷயத்தில் ஈமேக்ஸ் எடிட்டரின் ஏற்பாடு எனக்குப் பிடித்தது. அங்கே சி நிரலில் டேப் விசையை எத்தனை முறை அழுத்தினாலும் வரி தனக்குரிய இடத்தில் அசையாமல் நிற்கும். பைத்தானில் அழுத்தினால், ஒவ்வொரு அழுத்தலுக்கும் வரி செல்லுபடியாகும் அடுத்த இடத்துக்கு நகரும். எல்லாம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.