போக மனமில்லாத விண்ணப்பங்கள்



வெள்ளிக்கிழமைதோறும் அரசாங்க வர்த்தமானி வெளிவருகிறது. 1802ஆம் ஆண்டிலே தொடங்கிய அந்தப் பத்திரிகை இன்று கடதாசியில் மாத்திரமன்றிக் கைத்தொலைபேசியிலும் படிக்கக் கிடைக்கிறது. எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் அதனைத் திறப்பவர்கள் சட்ட அறிவித்தல்களைத் தேடுவதில்லை; பதவி வெற்றிடங்களையே தேடுகிறார்கள். தேடுகிறவர்களிற் பலர் நிரந்தர நியமனம் பெற்று, சேவையில் உறுதிப்படுத்தப்பட்டவர்கள். "போகப் போகிறீர்களா?" என்று கேட்டால், "இல்லை சேர், சும்மா போட்டுப் பார்ப்போம்" என்பார்கள். இந்தச் 'சும்மா' என்ற சொல்லைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இருக்கிற உத்தியோகத்தை விட்டு விலகும் உறுதி இல்லாமலே வேறொன்றுக்கு விண்ணப்பிக்கும் வழக்கம் எந்தத் தொழிலிலும் உண்டு. அதற்கான காரணங்களை நான்காக வகுக்கலாம். தமது தகுதிக்கு வெளியிலே என்ன மதிப்பு உண்டு என்று அறியும் ஆவல் ஒன்று. இன்னொரு நியமனக் கடிதத்தைக் காட்டி, இருக்கிற இடத்திலேயே சம்பள உயர்வு பெறும் எண்ணம் மற்றொன்று. நாளை இந்த வேலை போய்விட்டால் என் செய்வது என்ற அச்சம் மூன்றாவது. மேலதிகாரியின் ஒரு கடுஞ்சொல்லால் மனம் புண்பட்டவர், அன்றிரவே விண்ணப்பம் எழுதி ஆறுதல் தேடுவது நான்காவது. நாலாவது வகையினரின் தொகை நாம் நினைப்பதிலும் அதிகம். தபாலில் விண்ணப்பத்தைச் சேர்த்தவுடனேயே அவர்களுடைய கோபமும் தணிந்துவிடுகிறது.

இவற்றில் எதையும் முற்றாகக் குறை கூறுதல் முறையன்று. அல்பர்ட் ஹேர்ஷ்மன் என்னும் பொருளியல் அறிஞர் 1970ஆம் ஆண்டிலே வெளியிட்ட நூலொன்றில், ஒரு நிறுவனத்தில் குறை கண்டவனுக்கு இரண்டு வழிகள் உண்டு என்று காட்டினார். வெளியேறுவது ஒரு வழி. உள்ளே நின்று குரல் எழுப்புவது மற்ற வழி. வெளியேற முடியும் என்ற நிலை இருக்கும்போது அவன் எழுப்பும் குரலுக்கு வலிமை கூடலாம் என்பதும் அவர் விளக்கிய செய்தி. வேறிடத்துக் கதவு திறந்திருப்பதை அறிந்த ஊழியன் தலைநிமிர்ந்து பேசுகிறான். அந்த அளவில் இந்த விண்ணப்பங்கள் பயனுடையனவே.

ஆயினும் அந்த வலிமைக்கு ஓர் எல்லை உண்டு. தனியார் நிறுவனத்தில் முகாமையாளர் நினைத்தால் ஒருவருடைய சம்பளத்தைக் கூட்டலாம். அரசாங்க சேவையிலோ சம்பளத் திட்டம் சுற்றறிக்கையால் வகுக்கப்பட்டது. எத்தனை நியமனக் கடிதங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாலும் ஓர் அதிபரால் ஒரு சதமேனும் கூட்டிக்கொடுக்க இயலாது. தனியார் துறையிலுங்கூட, போவேன் என்று சொன்னவரிடம் "நல்லது, போய் வாருங்கள்" என்று முகாமையாளர் விடைகொடுத்துவிட்டால், போக மனமில்லாதவரின் நிலை என்னாகும்? ஒன்று, விரும்பாத இடத்துக்குப் போக வேண்டும். அல்லது சொல்லிழந்து நிற்க வேண்டும்.

அரசாங்க ஊழியருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அவர் தமது திணைக்களத் தலைவர் மூலமாகவே விண்ணப்பிக்க வேண்டும் என்பது வர்த்தமானி அறிவித்தல்களில் வழக்கமாகக் காணப்படும் நிபந்தனை. தெரிவு செய்யப்பட்டால் இவரைப் பதவியிலிருந்து விடுவிக்க முடியுமா, முடியாதா என்று தலைவர் அதிலே குறிப்பிட வேண்டும். ஆகவே 'சும்மா' எழுதிய விண்ணப்பமும் ஒருவருடைய மேசைக்கு வந்தே தீரும். அதைப் பார்க்கும் அதிபர், அடுத்த தவணை நேரசூசியை வகுக்கும்போது, க. பொ. த. உயர்தர வகுப்பை இவரிடம் ஒப்படைக்கலாமா என்று ஒரு கணம் தயங்குவார். அவர் அவ்வாறு தயங்குவதைக் குற்றமென்று சொல்ல முடியாது. நடுவழியிலே ஆசிரியரை இழந்த வகுப்பின் கதி என்னவென்று அவர் கண்டிருக்கிறார்.

முன்னாளில் ஒரு விண்ணப்பத்துக்குச் செலவு இருந்தது. சான்றிதழ்களின் பிரதிகளை உறுதிப்படுத்த வேண்டும். கடித உறையின் இடதுபக்க மேல்மூலையில் பதவியின் பெயரை எழுத வேண்டும். தபாற்கந்தோருக்குச் சென்று பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். அந்தச் சிரமமே ஒரு சல்லடையாக இருந்தது. ஓரளவாவது விருப்பமுள்ளவரே அதைக் கடந்து வருவார். இன்று பல தனியார் நிறுவனங்களுக்கு விரல்நுனியால் தொட்டு விண்ணப்பம் அனுப்பிவிடலாம். செலவு குறையவே தொகை பெருகுகிறது. தொகை பெருகவே, உண்மையாக வர விரும்புகிறவர் யார், வேடிக்கை பார்ப்பவர் யார் என்று பிரித்தறிய முடியாமல், நிறுவனங்கள் பரீட்சைக்கு மேற் பரீட்சை வைக்கின்றன. அந்தச் சுமை, வேலை இல்லாமல் வேலை தேடுகிறவன் தலையிலேயே விழுகிறது.

இதனை நான் பிறர்மேல் வைத்துச் சொல்லவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், மலைநாட்டுப் பாடசாலையொன்றில் இளம் ஆசிரியனாக இருந்தபோது, கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்தின் விளம்பரத்தைப் பத்திரிகையிற் கண்டு விண்ணப்பித்தேன். போகும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது; இரவு அஞ்சல் வண்டியில் ஏறிச் சென்றேன். வாங்கில் என் பக்கத்தில் இருந்த இளைஞர், பட்டம் பெற்று இரண்டு ஆண்டுகளாக வேலையின்றி இருப்பதாகச் சொன்னார். இருவரும் ஒரே பொட்டலத்துக் கடலையைப் பகிர்ந்து உண்டோம்.

நியமனக் கடிதம் எனக்கு வந்தது. மறுத்து எழுத ஒரு தபாலட்டை போதும். ஆனால், அக்கடிதத்தை நண்பர்களுக்குக் காட்டி மகிழ்ந்தபடியே மூன்று வாரங்களைக் கழித்தேன். பின்னர்தான் மறுத்து எழுதினேன். அடுத்த ஆண்டு கண்டிப் புகையிரத நிலையத்தில் அந்த இளைஞரைச் சந்தித்தேன். தமது பெயரே இரண்டாவதாக இருந்ததாகவும், முதலாமவர் பதில் எழுதத் தாமதித்ததால், அதற்குள் அவ்வாண்டுச் செலவுத் திட்டம் முடிந்து அந்தப் பதவியையே நிறுத்திவிட்டதாகவும் அவர் சொன்னார். அந்த முதலாமவர் நான்தான் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. புகையிரதம் வந்தது, அவர் ஏறிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு மூன்று செய்திகளைச் சொல்லி வருகிறேன். முதலாவது: விண்ணப்பத்தில் ஒப்பமிடுமுன், "நாளைக்கே நியமனம் வந்தால் எந்த நிபந்தனையின் பேரில் போவேன்?" என்று உங்களையே கேளுங்கள். அரசாங்கப் பதவியாயின் முதல் மூன்று ஆண்டுகள் வழக்கமாகத் தகுதிகாண் காலம் என்பதையும் எண்ணிப் பாருங்கள். எந்த நிபந்தனையிலும் போகமாட்டேன் என்று மனம் சொன்னால், உறையை ஒட்டாதீர்கள். இரண்டாவது: போய்ப் பார்ப்பதானால் பாருங்கள், ஆனால் மனம் ஒப்பவில்லை என்று தெரிந்த அன்றே விலகிக்கொள்ளுங்கள். நேர்முகப் பரீட்சைக்கு முன் விலகினால் இன்னொருவருக்கு ஓர் ஆசனம் கிடைக்கும். மூன்றாவது: உங்கள் மனக்குறை இருக்கிற இடத்தைப் பற்றியதானால், அதை முதலில் அங்கேயே சொல்லுங்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்பவருக்கு இரண்டு இடத்திலும் நிம்மதி இல்லை.

மேலதிகாரிகளுக்கும் ஒரு சொல். விண்ணப்பத்தோடு வருபவரைத் துரோகி போலப் பார்ப்பது தவறு. சில காலத்துக்கு முன் ஓர் ஆசிரியை விண்ணப்பமொன்றைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். "பிள்ளை, உண்மையாகவே போக வேண்டுமா?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாதிருந்து, "மேல்வகுப்புக்குத் தமிழ் இலக்கியம் படிப்பிக்க ஆசை, சேர். அதைக் கேட்கத்தான் தயக்கமாக இருந்தது" என்றார். அந்த வகுப்பை அவருக்குக் கொடுத்தேன். விண்ணப்பத்தை அவரே எடுத்துச் சென்றார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், அந்த வகுப்பு மாணவர் பரீட்சை எழுதி முடித்ததன் பின்னர், மீண்டும் ஒரு விண்ணப்பத்தோடு வந்தார். இம்முறை நான் கேட்குமுன்பே, "போகத்தான் போகிறேன், சேர்" என்றார். விடுவிக்க முடியும் என்று எழுதி, மகிழ்ச்சியோடு ஒப்பமிட்டேன்.