பட்டணத்துக் குப்பையும் மாடித் தோட்டமும்

விருத்தாசலம் சந்தைக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து காய்கறி வந்து குவிகின்றது. அதனுடன் நிலத்தின் சத்தும் பட்டணம் சேர்கின்றது. திரும்பிச் செல்வது சொற்பமே. தோலும் தழையும் குப்பைமேட்டில் அழுக, விளைவித்த நிலம் ஆண்டுதோறும் மெலிகின்றது. பட்டணத்து வீட்டுத் தோட்டம் மிராசுதார்களுக்கும் சம்பந்தமுள்ள விஷயமாவது இக்காரணத்தினாலேயே.

இது நூதன யோசனையன்று. யுத்தகாலத்தில், 1942-ஆம் வருஷத்திற்குப் பின், உணவு உற்பத்தியைப் பெருக்கும் இயக்கம் தேசமெங்கும் நடந்தது. அதே காலத்தில் ஆசார்யா என்பவர் பெங்களூரில், நகரக் குப்பையையும் மலத்தையும் குழியில் மாறிமாறி அடுக்கி எருவாக்கும் முறையை வகுத்தார். அதற்கு முன்னரே ஆல்பர்ட் ஹோவார்ட் இந்தூரில், குவியலைக் கிளறி மட்கச் செய்யும் முறையைக் கண்டிருந்தார். மனிதர் மலத்தைக் கையால் அள்ளுவது 1993, 2013-ஆம் வருஷத்துச் சட்டங்களால் விலக்கப்பட்டதனால், சாணக் கரைசலே இக்காலத்திற்குத் தகும்.

2013-ஆம் வருஷத்தில் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மாடித் தோட்டத்திற்கு வேண்டிய சாமான்களை அரசாங்கம் மானிய விலையில் வழங்கத் தொடங்கிற்று. பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்தில், பீங்கான் தொட்டியையே நாடத் தோன்றும். மெருகிட்ட பீங்கானின் சுவரில் நீர் கசியாது; அடியில் துவாரமில்லாவிடில் வேர் அழுகும். குயவரின் மண்சட்டியிலோ சுவர்வழியே நீர் ஆவியாவதால் வேர் குளிர்ந்திருக்கும். ஆனால் அடிக்கடி நீர் வார்க்கவேண்டும். நனைந்த மண் ஒரு கன அடிக்கு ஏறக்குறைய 50 கிலோ நிறையுள்ளது. ஆகையால் மாடியின் பலத்தை முன்னதாகவே அறிந்துகொண்டு, செம்மண்ணுடன் தென்னை நார்க்கழிவும் மட்கிய எருவும் சமபாகம் கலந்து பாரத்தைக் குறைத்தல் நலம். முளைக்கீரை விதைத்த சுமார் 25 நாளில் பறிப்புக்கு வரும்.

இதனால் சந்தை விலை இறங்குமென அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் வீண். கீரையும் மிளகாயும் தொட்டியில் விளையும். நெல்லும் மணிலாவும் சந்தைக்குப் போதுமான அளவில் விளையா.

விவசாயிகள் கவலைகொள்ள வேண்டியது எருவின் சுத்தத்தைப் பற்றியே. மட்கும் குப்பையை வீட்டிலேயே பிரித்துவைக்க வேண்டுமென 2016-ஆம் வருஷத்து விதிகள் கூறின. பிரிக்காத குப்பையில் செய்த எருவை இட்டவர், கண்ணாடித் துண்டு காலில் ஏறும்பொழுதே அதன் உண்மை விலையை அறிவர். மின்கல உலோகங்கள் கலந்திருப்பினோ கண்ணுக்கும் புலப்படா. எருவை வாங்குமுன் ஒரு கூடையைத் தரையில் பரப்பிப் பார்ப்பதும், பெருமளவில் வாங்குவதாயின் சோதனைக்கு அனுப்புவதும் அவசியம். கிராமாதிகாரிகள் இதனை வலியுறுத்துவாராக. சுத்திகரிக்காத சாக்கடை நீரைக் கீரைப் பாத்திக்குப் பாய்ச்சுவதையும் தடுக்கவேண்டும். அதிலுள்ள புழு முட்டைகள் இலையில் ஒட்டி உண்போர் வயிற்றைச் சேரும்.

சுத்தமான பட்டணத்து எரு கிட்டும்வரை, மணிலாத் தோலையும் முந்திரிச் சருகையும் எரித்துவிடாமல், சாணக் கரைசல் தெளித்துக் குழியிலிட்டு ஈரம் காயாது பாதுகாக்கலாம். இவை மெதுவாகவே மட்கும். தோலை நொறுக்கி இடுவது காலத்தைக் குறைக்கும்.