எல்லையோரத்தில் சட்டம் பயிலும் பெண்கள்

களியக்காவிளையைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் பாறசாலை வந்துவிடுகிறது. கடைகளின் பெயர்ப்பலகைகளில் எழுத்து மாறுகிறதேயன்றி, பேச்சும் முகங்களும் சட்டென மாறுவதில்லை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. தமிழர் கோரிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. ஆட்சிகள் பிரிந்தன, பெண் கொடுத்தலும் எடுத்தலும் நிற்கவில்லை.

இதனால் ஒரு நடைமுறைச் சிக்கல் எழுகிறது. கணவர் வீடு விளவங்கோட்டுப் பக்கம். தாய்வீடு பாறசாலைப் பக்கம். அடிபட்டு வந்த பெண் எங்கே முறையிடுவது? ‘அது அந்த மாநிலத்து விவகாரம்’ என்ற ஒரே சொல்லில் அவளைத் திருப்பி அனுப்பிவிட முடியும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்று எடுத்துரைக்க அருகில் ஒருவர் வேண்டும். அத்தகையோரை ஊருக்குள்ளேயே உருவாக்கும் முயற்சியைப் பற்றியே இங்கே எழுத விழைகிறேன்.

இம்மண்ணுக்கு உரிமைப் போராட்டம் புதிதன்று. தோள்சீலைக் கலகத்தின் முடிவில் 1859-இல் திருவிதாங்கூர் அரசு வெளியிட்ட ஆணை, நாடார் பெண்கள் மேலுடை அணிய இசைந்தது. ஆயினும் உயர்சாதிப் பெண்களைப் போல அணியலாகாது என்ற நிபந்தனையுடனேயே இசைந்தது. பின்னாளில் நெய்யாற்றின்கரை வட்டத்து ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்னும் சிறுமியை அய்யன்காளி பள்ளியில் சேர்க்க முயன்றபோது பள்ளிக்கே தீ வைக்கப்பட்டது. இன்று அப்பள்ளி அவ்விருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

1998-இல் தொடங்கப்பெற்ற குடும்பஸ்ரீயை வங்கித்துறையினர் சேமிப்பு, கடன் என்ற கண்ணோடுதான் முதலில் கண்டோம். 10 முதல் 20 பெண்கள் கொண்ட அயல்கூட்டம். வாரந்தோறும் கூடுதல், சிறுசேமிப்பு, வங்கி இணைப்பு. வணிகவியல் பயின்ற எவருக்கும் திருப்பியடைவு விகிதமே முதலில் கண்ணில் படும். ஆனால் அதே கூட்டங்களில் ‘பாலினத் தற்கற்றல்’ என்றொரு திட்டமும் நடந்துவந்தது. மேடையில் ஒருவர் உரை நிகழ்த்த மற்றவர்கள் கேட்பதன்று அதன் முறை. உழைப்பு, உடல்நலம், வெளியே சென்றுவரும் உரிமை ஆகியவற்றைப் பற்றிப் பெண்கள் தத்தம் அனுபவத்தைக் கூறி, அதிலிருந்தே கற்றுக்கொள்வது. வன்முறைக்கு ஆளானோருக்காக 2013-இல் ‘ஸ்நேகிதா’ உதவி மையங்கள் தோன்றின. பயிற்சி பெற்ற சமுதாய ஆலோசகர்களும் வந்தனர். 2010 தேர்தல் முதல் கேரள உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால், அயல்கூட்டத்தில் பேசிப் பழகிய பலர் ஊராட்சி உறுப்பினராகவும் அமர்ந்தனர்.

எல்லைச் சிக்கலுக்கு வருவோம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டது. அதன் 27-ஆம் பிரிவின்படி, பாதிக்கப்பட்ட பெண் தற்காலிகமாகத் தங்கியுள்ள இடத்து நீதித்துறை நடுவரிடமே மனுச் செய்யலாம். அவர் பிறப்பிக்கும் ஆணை இந்தியா முழுவதும் செல்லும். ஆகவே பாறசாலையில் தாயோடு தங்கியிருப்பவள் குழித்துறைக்கு அலைய வேண்டியதில்லை. அவளே நேரில் செல்ல இயலாவிடினும், நடந்ததைப் பாதுகாப்பு அலுவலருக்கு எவரும் தெரிவிக்கலாம்; நல்லெண்ணத்துடன் தெரிவித்தவர் மீது வழக்குத் தொடர முடியாது என 4-ஆம் பிரிவு காக்கிறது. அண்டைவீட்டார் வாய்திறக்கத் தயங்குவது பெரும்பாலும் ‘நமக்கேன் வம்பு’ என்னும் அச்சத்தால்தான். இந்த ஒரு பிரிவைக் கற்பிப்பதே பாதிப் பயிற்சி என்பேன். பெண்ணுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. மலையாளம் எழுதத் தெரியாதவர் குறைதீர்ப்பு மனுவைத் தமிழிலேயே அளிக்க அரசமைப்பின் 350-ஆம் உறுப்பு இடம் தருகிறது.

இனி, எங்கள் துறையைத் தொடும் பகுதி. கணக்கு மனைவி பெயரில் இருக்கும். ஏடிஎம் அட்டையும் இரகசிய எண்ணும் கணவர் சட்டைப்பையில் இருக்கும். முகப்பில் அமர்ந்திருக்கும் எவரும் இதைக் கண்டிருப்பர். பொருளாதார வகையில் துன்புறுத்துவதும் வன்முறையே என இச்சட்டம் வரையறுக்கிறது. பிரிவு 18-இன்கீழ், கணவரின் தனிக்கணக்கையும் பெட்டகத்தையும்கூட அனுமதியின்றி இயக்கலாகாது என நடுவர் தடை விதிக்க முடியும். ‘அவர் பணம் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று கண்ணீரோடு கேட்கும் பெண்ணுக்காக வங்கி தானாகத் தனிக்கணக்கை முடக்க இயலாது. அது வாடிக்கையாளர் உரிமையில் தலையிடுவதாகும். ஆணையின் நகலோடு வந்தால் கிளைக்கு வேறு வழியில்லை. இந்த வேறுபாட்டை அறிந்த ஒரு தன்னார்வலர் உடன் வந்தால், அப்பெண் நீதிமன்றத்துக்கும் வங்கிக்கும் இடையே வீணாய் அலைவது குறையும்.

சொல் ஒன்றும் இடறுகிறது. மலையாளத்தில் ‘ஸ்த்ரீதனம்’ என்றால் வரதட்சணை. எல்லையின் இப்பக்கமும் ‘சீதனம்’ என்பதை அப்பொருளில் வழங்குவோர் உண்டு. சட்டத்தின் மொழியில் ஸ்திரீதனம் என்பது பெண்ணின் சொந்த உடைமை. வரதட்சணையோ 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. அப்படித் தவறாக வாங்கப்பட்டதும் பெண்ணுக்கே உரியது; வாங்கியவர் அதை அவளிடம் ஒப்படைத்தாக வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 6-ஆம் பிரிவு. ‘கொடுத்தது கொடுத்ததுதான்’ என்று பெற்றோர் கைகழுவும் இடம் இது. பெண்ணுரிமைக்காகப் பேசப் பயிலும் ஒருவர் இவ்விரு சொற்களின் வேறுபாட்டை முதல் நாளிலேயே கற்றாக வேண்டும்.

திருமணப் பரிசுகளுக்குப் பட்டியல் எழுதி, மணமக்கள் இருவரும் கையொப்பமிட வேண்டும் என்று 1985-இல் விதிகள் வந்தன. அவற்றின்படி மணமகளுக்குக் கிடைத்த பரிசுகளின் பட்டியலை மணமகளே வைத்திருக்க வேண்டும். பொருளின் விவரம், ஏறத்தாழ மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். நகைக்கடைச் சீட்டும் அவள் பெயரில் வாங்கப்படுதல் நலம். அவற்றை நகையோடு ஒரே பெட்டகத்தில் பூட்டாமல், நகலெடுத்துத் தாய்வீட்டிலும் ஒன்று வைக்கச் சொல்லுங்கள்.