பாட்டுக்கு வந்தவர்கள் பார்த்த ஓவியம்

நூதனசாலை என்றதும் பிள்ளைகளின் மனதில் தோன்றுவது என்ன? பாடசாலைச் சுற்றுலா, நீண்ட வரிசை, 'தொடாதீர்கள்' என்ற அறிவித்தல். அவ்வளவுதான். இளையோரின் இந்த அலுப்பு மேலைநாடுகளின் பெரிய ஓவிய நூதனசாலைகளையும் கவலைகொள்ளச் செய்த ஒன்றே. அவர்களை உள்ளே அழைக்க அவை நாடிய வழிகளுள் ஒன்று இசை.

நியூயோர்க்கின் புரூக்ளின் நூதனசாலை, 1998 ஒக்டோபரில் மாதத்தின் முதற் சனிக்கிழமை மாலைகளை இதற்கென ஒதுக்கியது. அனுமதி இலவசம். ஒருபுறம் இசையும் நடனமும். மறுபுறம் ஓவியக் கூடங்கள் திறந்திருக்கும். இரண்டில் எதற்காக வந்தாலும் மற்றதையும் காணலாம்.

பாரிஸ் லூவர் நூதனசாலையின் அனுபவம் வேறுவிதமானது. 2018 ஜூன் மாதத்தில் அமெரிக்கப் பாடகர்களான பியோன்ஸேயும் அவரது கணவர் ஜே-ஸீயும் அங்கே படமாக்கிய பாடலொன்றின் வீடியோ வெளியாகி உலகெங்கும் பரவியது. அவ்வாண்டில் லூவருக்கு வந்தோர் 1 கோடியே 2 இலட்சம் பேர். முந்திய ஆண்டில் அத்தொகை 81 இலட்சம்.

இந்த உயர்வு முழுவதும் பாட்டினால் வந்ததா? அப்படிச் சொல்லிவிட முடியாது. 2015 தாக்குதல்களின் பின் குறைந்திருந்த உல்லாசப் பயணிகள் பாரிஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்தனர். டெலக்ரோவாவின் ஓவியக் கண்காட்சியும் அதே ஆண்டில் பெருங்கூட்டத்தை ஈர்த்தது.

ஆனால் லூவர் செய்த ஒரு காரியம் கவனத்திற்குரியது. வீடியோவில் தோன்றும் 17 கலைப்படைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துவர, ஒன்றரை மணி நேரப் பாதையொன்றை அது வகுத்துக் கொடுத்தது.

அப்படைப்புகளுள் ஒன்று, வெண்ணிறத் தலைப்பாகை அணிந்த கறுப்பினப் பெண்ணின் ஓவியம். மாரி-கியெமின் பெனுவா என்ற பெண் ஓவியர் வரைந்த அது, 1800ஆம் ஆண்டில் பாரிஸில் காட்சிக்கு வைக்கப்பட்டது. பிரான்ஸ் 1794இல் அடிமை முறையை ஒழித்திருந்தது. 1802இல் நெப்போலியன் தன் குடியேற்ற நாடுகளில் அதை மீண்டும் கொண்டுவந்தான். இடைப்பட்ட அந்தச் சில ஆண்டுகளில் பிறந்த ஓவியம் இது.

வரைந்தவரின் பெயரை உலகம் அறிந்திருந்தது. வரையப்பட்டவளோ நெடுங்காலம் வெறும் 'கறுப்பினப் பெண்' என்றே குறிக்கப்பட்டாள். குவாதலூப் தீவிலிருந்து பணிப்பெண்ணாகக் கொண்டுவரப்பட்ட அவளது பெயர் மதலேன். 2019இல் பாரிஸின் ஓர்சே நூதனசாலை நடத்திய கண்காட்சியிலேயே அந்த ஓவியம் அவள் பெயரால் அழைக்கப்பட்டது.

பாட்டின் கவர்ச்சியால் வந்த ஓர் இளைஞன் மதலேனின் முன் நின்று, 'யார் இவள்?' என்று கேட்டால் அந்த வருகைக்கு அர்த்தமுண்டு. சுவரைத் திரும்பியும் பாராமல் ஆடிவிட்டுப் போனால், அதற்கு மண்டபம் ஒன்றே போதும், நூதனசாலை எதற்கு?

இசை கதவைத் திறக்கலாம். உள்ளே வந்தவர்களுக்குக் கதை சொல்ல ஒருவர் வேண்டும். பிள்ளைகளை நூதனசாலைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோருக்கும் இது பொருந்தும். நூறு பொருட்களைக் காட்டி அவசரமாக இழுத்துச் செல்வதைவிட, ஒன்றின் முன்னே நிறுத்தி அதன் கதையைச் சொல்லுங்கள். அடுத்த முறை அவர்களே உங்களை அழைப்பார்கள்.