நெல் ஆலையின் எரிபொருட் கணக்கு

புழுங்கல் அரிசி ஆலை நடத்தும் சங்கத்தின் ஆண்டறிக்கையில், விறகுக்கோ நிலக்கரிக்கோ பெருந்தொகை செலவெழுதப்பட்டிருக்குமாயின், அங்கத்தினர்கள் அவ்விடத்தில் சற்று நிறுத்திக் கேள்வி கேட்டல் வேண்டும். நெல்லோடு எரிபொருளும் கூடவே ஆலைக்குள் வருகின்றதன்றோ?

ஒரு டன் நெல்லில் உமி ஏறக்குறைய 200 கிலோ. கிலோவுக்குச் சுமார் 3,000 கிலோ கலோரி வீதம் 6 லட்சம் ஆகின்றது. ஊறி அவிந்த நெல்லின் ஈரத்தை 35 சதவீதத்திலிருந்து 14 சதவீதத்திற்குக் கொண்டுவர 325 கிலோ நீரை ஆவியாக்க வேண்டும். அதற்கு ஏட்டுக் கணக்கில் 1¾ லட்சம் போதும். ஊறலுக்கான வெந்நீருக்கும் அவியலுக்கும் மேலும் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பாதி வெப்பம் வீணானாலும் உமியே போதுமானதாகின்றது. அப்படியிருந்தும் விறகு வாங்க நேர்ந்தால், ஒன்று உமி வெளியே விலையாகிறது. அல்லது பாதிக்கு மேல் வெப்பம் வீணாகிறது. இரண்டில் எது என்பதைத் தணிக்கையில் கண்டுகொள்வது அவ்வளவு கடினமன்று.

இந்த ஆராய்ச்சி நம் மாவட்டங்களுக்குப் புதிதுமன்று. 1967ஆம் ஆண்டில், மழையில் நனைந்து வரும் நெல்லை எவ்வாறு காப்பது என்று ஆராய்வதற்குத் திருவாரூரில் ஓர் ஆய்வுக்கூடம் அமைக்கப்பட்டது. அது அமைந்த இடம் தஞ்சைக் கூட்டுறவு விற்பனைச் சம்மேளனத்தின் நவீன அரிசி ஆலை வளாகம். அதுவே 1972இல் நெல் பதனிடும் ஆராய்ச்சி நிலையமாகி, இன்று தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்து நிற்கின்றது. கூட்டுறவு ஆலையில் பிறந்த நிறுவனம் இது. ஆலோசனை நாடிச் செல்ல நம் சங்கங்கள் தயங்க வேண்டியதில்லை.

வெப்பம் வீணாகும் இடங்களைக் காண்பதற்குப் பெரும் கருவிகள் வேண்டா. உறை சுற்றாத நீராவிக் குழாய், ‘சுர்’ரென்று சீறும் வால்வு, ஈரம் ஏறிய உமிக்குவியல், சாம்பலில் கருப்பாகவே தங்கிவிடும் அரைவேக்காட்டு உமி ஆகியவை கண்ணுக்கே தெரிபவை. உலர்த்தியின் குழாய்களில் நீராவி குளிர்ந்து வடியும் வெந்நீரைச் சாக்கடையில் விடும் வழக்கமும் உண்டு. அதனைக் கொதிகலனுக்கே திருப்பினால், ஊட்டுநீரின் சூடு 6 டிகிரி உயருந்தோறும் எரிபொருளில் சுமார் ஒரு சதவீதம் மிச்சமாகும். ஒரு குழாயும் ஒரு சிறு பம்பும் போடுகின்ற செலவுதான். நெசவாளர் சங்கங்களின் சாயப்பட்டறைகளுக்கும் இது பொருந்தும். பட்டின் பசை நீக்கக் காய்ச்சும் நீரைக் கூரைமீது சூரிய வெந்நீர்க்கலம் வைத்து முன்கூட்டியே சூடேற்றிக்கொண்டால் அடுப்பின் வேலை குறையும்.

சூரிய மின்பலகைகளைப் பற்றிப் பலர் வினவுகின்றனர். ஒரு கிலோவாட் பலகை நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், அது நன்றே. ஆனால் தவிட்டுத் தூசி படியும் ஆலைக் கூரையில் அவற்றை அடிக்கடி கழுவ ஆள் வேண்டும். தேவைக்கு மீறிய குதிரைத்திறன் மோட்டாரைப் பாதிச் சுமையில் ஓட்டிக்கொண்டே பலகை வாங்குவது, ஓட்டைத் தொட்டிக்கு இன்னொரு குழாய் வைப்பதை ஒக்கும் என்பது நம் அபிப்பிராயம்.

இப்பொழுது சில கம்பெனிகள் தங்கள் முதலிலேயே இச்சீர்திருத்தங்களைச் செய்து கொடுத்து, மிச்சமாகும் தொகையில் பங்கு கேட்கின்றன. கைமுதல் இல்லாத சங்கத்திற்கு இது உகந்த ஏற்பாடே. எனினும் மிச்சம் என்பதை எதனோடு ஒப்பிட்டு அளக்கின்றனர் என்பதில்தான் சூட்சுமம் இருக்கின்றது. ஐப்பசி மழையில் வரும் குறுவை நெல்லுக்கு உலர்த்தி இரவும் பகலும் ஓடும்; மாசி வெயிலில் வரும் சம்பா, தாளடி நெல்லைக் களத்திலேயே காயவைத்துவிடலாம். குறுவையில் பழைய செலவை அளந்து, மாசியில் புதிய செலவை அளந்தால், ஒரு திருகாணியைக்கூடத் திருகாமலே மிச்சம் தோன்றும். வெயில் செய்த வேலைக்குச் சங்கம் பங்கு கொடுப்பதா? குறுவையைக் குறுவையோடும் சம்பாவைச் சம்பாவோடும் ஒப்பிட்டு, டன் ஒன்றுக்கு என்று கணக்கிட வேண்டும் என ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது அவசியம்.

அதற்குச் சங்கத்திடம் சொந்தக் கணக்கு இருக்க வேண்டும். அவித்த நெல்லின் எடை, எரித்த உமியும் விறகும், மின்மானி காட்டும் யூனிட், உலர்த்தி ஓடிய மணி ஆகிய நான்கு பத்திகளை நாள்தோறும் எழுதிவந்தால் போதும். ஓராண்டுக் கணக்கு கையில் சேர்ந்த பிறகு ஒப்பந்தத்தைப் பொதுக்குழுவின் முன் வைக்கலாம்.