பொருள்களின் தோற்றமும் பயனும்

ஒரு கருவி தன் வேலையைச் செவ்வனே செய்தால் போதாதா, அது பார்வைக்கு எப்படி இருந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. தோற்றம் என்பது செல்வர்க்குரிய ஆடம்பரம் என்பது அவர்களுடைய எண்ணம். ஆனால், பரிசோதனைச் சாலையில் குறைவின்றி இயங்கிய ஒரு கருவி, மக்களிடம் சென்றதும் வீட்டின் மூலையில் முடங்கிக் கிடப்பதைக் களப்பணியாளர் பலர் கண்டிருப்பர். மக்களின் அறியாமையே இதற்குக் காரணம் என்று கூறிவிடுவது எளிது. குறை பொருளின் உருவத்திலேயே இருக்கலாம் என்பதை ஆராய்ச்சிகள் புலப்படுத்துகின்றன.

தொழில் உருவமைப்பு

குயவர் தம் ஊராரின் கைக்கும் இடுப்புக்கும் ஏற்றபடி குடம் வனைந்தார். குறை இருந்தால் அது மறுநாளே அவர் காதுக்கு எட்டியது. தொழிற்சாலையோ முகமறியாத பல்லாயிரம் பேருக்கு ஒரே அச்சில் பொருள்களை வார்க்கிறது. செய்பவருக்கும் பயன்படுத்துபவருக்கும் இடையே இவ்வாறு ஏற்பட்ட இடைவெளியை நிரப்பும் முயற்சியே தொழில் உருவமைப்பு.

பிரான்ஸில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ரேமண்ட் லோவி இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர். 1929-ஆம் ஆண்டில் கெஸ்டெட்னர் நிறுவனத்தின் படியெடுக்கும் யந்திரத்தைத் திருத்தியமைக்கும் பணி அவரிடம் வந்தது. நம் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் நெடுங்காலம் வழங்கிய ‘சைக்ளோஸ்டைல்’ யந்திரம் இவ்வகையைச் சேர்ந்ததே. பழைய அமைப்பில் உறுப்புகள் வெளியே தெரிந்தன. தாங்கி நின்ற நான்கு கால்களும் பக்கவாட்டில் நீண்டு, நடப்பவரைத் தடுக்கிவிழச் செய்வனவாக இருந்தன. லோவி யந்திரத்தின்மேல் களிமண்ணை அப்பி, புதிய உருவத்தைக் கையாலேயே வனைந்தார். தூசி படிய இடமளித்த உறுப்புகள் ஓர் உறைக்குள் அடங்கின. நீண்ட கால்கள் மறைந்தன. கண்ணுக்கு இனிதாகச் செய்த மாறுதலே வேலைக்கும் வசதியாக அமைந்தது.

லோவி பின்னாளில் தம் அனுபவத்தை ஒரு விதியாகச் சுருக்கினார். பொருள் இயன்றவரை முன்னேறியதாக இருக்கவேண்டும். ஆயினும் மக்கள் ஏற்றுக்கொள்ளும் எல்லையை அது தாண்டலாகாது என்பதே அவ்விதியின் சாரம்.

புதுமையும் பழக்கமும்

லோவி கூறியது தொழிலறிவு. அதை அளந்து பார்த்தவர்கள் உளவியலார். நெதர்லாந்தைச் சேர்ந்த பால் ஹெக்கர்ட்டும் அவருடைய துணை ஆராய்ச்சியாளர்களும் 2003-இல் இது குறித்து மூன்று ஆய்வுகளை வெளியிட்டனர். டெலிபோன், தேநீர்க் கெண்டி முதலிய பொருள்களின் பல மாதிரிகள் ஆராயப்பட்டன. ஒவ்வொரு மாதிரியும் எவ்வளவு புதுமையாக உள்ளது, அவ்வினப் பொருளுக்கு எவ்வளவு நல்ல உதாரணமாக உள்ளது, எவ்வளவு அழகாக உள்ளது என்று பார்ப்பவர்கள் மதிப்பிட்டனர்.

மேலோட்டமாகப் பார்த்தபோது, புதுமைக்கும் விருப்பத்துக்கும் தொடர்பு இருப்பதாகவே தோன்றவில்லை. பழக்கமான உருவத்துக்கும் அவ்வாறே. புதியது வழக்கமானதாக இராது, வழக்கமானது புதியதாக இராது. ஆகையால் ஒன்றின் கவர்ச்சியை மற்றொன்று மறைத்துவிட்டது. ஒன்றின் பாதிப்பைக் கணக்கிட்டு நீக்கியபின், இரண்டுமே விருப்பத்தை ஏறக்குறைய ஒரே அளவில் தூண்டுவது தெளிவாயிற்று. கெண்டி என்று கண்டவுடனே அறியமுடிய வேண்டும்; அந்த அடையாளம் குலையாத வரையில் புதுமையை மக்கள் விரும்புகின்றனர். இவ்விரண்டின் பங்கு தேர்ச்சி பெற்றவர்களிடையிலும் மற்றவர்களிடையிலும் வேறுபடவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

அழகு ஏய்க்கவும் கூடும்

ஜப்பானைச் சேர்ந்த குரோசு, காஷிமுரா என்னும் இருவர் 1995-இல் வேறொரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டனர். வங்கியின் தானியங்கிப் பண யந்திரத் திரைக்கு 26 வகையான அமைப்புகளைத் தயாரித்து, 252 பேரிடம் காட்டினர். எது அழகாகத் தோன்றியதோ, அதுவே கையாள எளிது என்று பெரும்பாலும் மதிப்பிடப்பட்டது. உண்மையில் எது எளிது என்பதற்கும் அந்த மதிப்பீட்டிற்கும் இருந்த தொடர்போ மிகக் குறைவு.

இதிலிருந்து பெறத்தக்க பாடம் இரண்டு. தோற்றம் நன்றாக இருந்தால் மக்கள் அச்சமின்றிக் கருவியை அணுகுவார்கள். ஆனால் முதற் பார்வையில் அவர்கள் கூறும் பாராட்டை, கருவி நல்லது என்பதற்குச் சான்றாகக் கொள்ளலாகாது. அதைக் கையாள விட்டுப் பார்த்தே முடிவு செய்யவேண்டும்.

ஜெய்ப்பூர்க் கால்

தோற்றமும் பயனும் பிரிக்கமுடியாதவை என்பதற்கு நம் நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. காலிழந்தவர்களுக்கு அளிக்கப்பட்டு வந்த மேனாட்டுச் செயற்கைப் பாதம், பூட்ஸுக்குள் மறைந்திருக்கவேண்டிய ஓர் உறுப்பாகவே அமைக்கப்பட்டது. கணுக்கால் வளையாது, விரல்கள் இல்லை. நாற்காலியில் அமர்ந்து, பூட்ஸ் அணிந்து நடப்பவருக்கு அது ஏற்றது. ஆனால் நம்மவர் கோயிலிலும் வீட்டிலும் செருப்பைக் கழற்றுகின்றனர். உழவர் சேற்று வயலில் வெறுங்காலுடன் இறங்குகின்றனர். உண்ணச் சம்மணமிட்டு அமர்கின்றனர். பல வேலைகளைக் குந்தியிருந்தே செய்கின்றனர். இவர்களுள் பலர் கொடுத்த காலை ஒதுக்கிவிட்டு ஊன்றுகோலையே நாடினர்.

ஜெய்ப்பூர் ஸவாய் மான்சிங் ஆஸ்பத்திரியில், எலும்பு வைத்திய நிபுணர் டாக்டர் பி. கே. சேத்தியும், கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் 1968-ஆம் ஆண்டளவில் புதிய பாதத்தை உருவாக்கினர். உள்ளே மரமும் மிருதுவான ரப்பரும். வெளியே தோலின் நிறத்தையொத்த ரப்பர் உறை. அனைத்தையும் அச்சில் வைத்துச் சூடேற்றி ஒன்றாக்கினர். அது பல திசைகளில் வளைந்து கொடுத்தது. நீரிலும் சேற்றிலும் நின்றது. விரல்களோடு பார்வைக்கு உண்மையான பாதம்போல் இருந்தபடியால் பூட்ஸினுள் மறைக்கவேண்டிய தேவையில்லை. மறைக்கவேண்டாத காரணத்தாலேயே வெறுங்காலுடன் நடக்க முடிந்தது. வெறுங்காலுடன் நடக்க முடிந்ததால் உழவர் தம் தொழிலுக்குத் திரும்ப முடிந்தது. இங்கே தோற்றம் என்பது அலங்காரமன்று; ஒரு மனிதரின் பிழைப்பும் மானமும் அதில் அடங்கியிருந்தன. டாக்டர் சேத்திக்கு 1981-இல் மகஸேஸே பரிசு வழங்கப்பட்டது.

நாம் செய்யக்கூடியது

இந்திய அரசாங்கத்தின் வேண்டுகோளின்படி, அமெரிக்க உருவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸும் அவர் மனைவி ரே ஈம்ஸும் 1958-இல் ஓர் அறிக்கை அளித்தனர். அதன் பயனாக 1961-இல் ஆமதாபாத்தில் தேசிய உருவமைப்பு நிலையம் தோன்றியது. அவ்வறிக்கையில் அவர்கள் உயர்வாகப் போற்றிய பொருள் நம் வீட்டுச் சொம்பு. பல தலைமுறையினரின் கையிலே பண்பட்டு அமைந்த உருவம் அது.

ஆசிரியர்கள் இதை வகுப்பில் எளிதில் விளக்கலாம். மாணவர்கள் வெவ்வேறு வடிவமுள்ள சொம்புகளைக் கொண்டுவரட்டும். முதலில், பார்வையை மட்டும் கொண்டு, எது அழகியது, எது கைக்கு எளிது என்று வரிசைப்படுத்தி எழுதட்டும். பின்னர் நீர் நிரப்பித் தூக்கி, சிந்தாமல் ஊற்றி, உட்புறத்தைத் துலக்கிப் பார்க்கட்டும். இரு வரிசைகளும் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே வேறுபடுகின்றன என்பதே பாடம்.

களப்பணியாளர்கள் புதிய அடுப்பையோ கருவியையோ கொண்டு செல்லும்போது சில கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நலம். இது இன்ன பொருள் என்று கண்டவுடனே விளங்குகிறதா? எங்கே பிடிப்பது, எதைத் திருப்புவது என்பதை உருவமே காட்டுகிறதா? இதைப் பிறர் எதிரில் பயன்படுத்த மக்கள் கூசுகிறார்களா? கொடுத்த ஒரு மாதத்துக்குப் பின் அது எங்கே இருக்கிறது? ஒதுக்கப்பட்ட கருவியைக் கண்டால், வைத்திருப்பவரைக் கடிந்துகொள்ளாமல், அவர் கூறும் காரணத்தை அவருடைய சொற்களிலேயே எழுதி, கருவியை வகுத்தவர்களுக்கு அனுப்புதல் வேண்டும். தொழிற்சாலைக்கும் மக்களுக்கும் இடையே அறுந்துபோன தொடர்பை மீண்டும் இணைக்கும் பணியில் அக்குறிப்பு பெரிதும் பயன்படும்.